கப்பலோடு முடியாத இலக்கியம்: நீலகிரியின் மலையகத் தமிழரும் ஓர் அமெரிக்க ஒப்பீடும்

அமெரிக்க இலக்கியத்தின் சிறுபான்மைக் குரல்களை ஆராயும்போது நாம் எழுத்தாளரிடமிருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம். வாசகச் சமூகத்திடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். ஜப்பானிய வழிவந்த ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' நாவல் 1957இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் சேர மறுத்துச் சிறை சென்று திரும்பும் இளைஞனின் கதை அது. சொந்தச் சமூகமே அதை ஏற்கவில்லை. 1971இல் ஒகாடா இறந்தபோது நாவல் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. பிராங்க் சின், லாசன் இனாடா முதலிய இளைய ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் அதைத் தேடியெடுத்து 1976இல் மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். எழுத்து முன்பே இருந்தது. அதற்கு இலக்கிய வரலாற்றில் இடம் வாங்கித் தந்தது பின்னால் வந்த தலைமுறையின் உழைப்பு.

இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த மலையகத் தமிழருக்காக அந்த உழைப்பு இங்கே நடக்கவில்லை. குன்னூர்ச் சாலையும் கோத்தகிரிச் சாலையும் பிரிந்து மலையேறும் மேட்டுப்பாளையத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வழிவந்த மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, பெருந்தொகையினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீ அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இலங்கையிலேயே தங்கியவர்களுக்கு மலையக இலக்கியம் என்ற உறுதியான முகவரி உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் என்று அதன் வரிசை தெளிவானது. 2013இல் விஷ்ணுபுரம் விருது கோவையில் தெளிவத்தை ஜோசப்புக்கு வழங்கப்பட்டது. அது நாம் பெருமைப்பட வேண்டிய செயல். ஆனால் அவருடைய மக்களில் ஒரு பகுதியினர் கோவையிலிருந்து சில மணிநேரத் தொலைவில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கை இலக்கிய வரலாறு அவர்களைக் கப்பலேற்றிவிட்டு நின்றுவிடுகிறது. தமிழக இலக்கிய வரலாறோ அவர்களுக்கு ஓர் இயலும் ஒதுக்கவில்லை.

காரணம், அரசின் கணக்கை இலக்கியமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. தாயகம் திரும்பிவிட்டார்கள், புலம்பெயர்வு முடிந்தது என்பது அந்தக் கணக்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார். ஆகவே இது இரண்டாம் புலம்பெயர்வு.

மொழியும் சமயமும் ஒன்றாக இருக்க, இவர்கள் எப்படிச் சிறுபான்மை என்று கேட்கலாம். ஒகாடாவின் மக்களை முகமே காட்டிக்கொடுத்தது; இங்கே அப்படியில்லை என்பது மெய்தான். ஆனால் 'சிலோன்காரர்' என்ற அடையாளம் இன்றும் தேயவில்லை. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதால் அந்த விலக்கத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் ஒன்று என்பதாலேயே இந்த வேறுபாடு ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

1970இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோத்தகிரிச் சரிவில் அவர் பாடும் பாட்டையும் சொல்லும் கதையையும் பதிந்து தொகுக்கும் பணியைப் பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற கோவையின் நிறுவனங்கள் இந்தத் தலைமுறையிலேயே ஏற்க வேண்டும்.