கட்டணமற்றதும் கட்டற்றதும்

தமிழ்க் கணிமையின் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் கொடையின் கதையாகவே சொல்கிறோம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் 1990களின் நடுவில் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையோடும் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளோடும் உழைத்தார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான் என்பதால், முதல் அடிகள் பலவற்றைக் கடல் கடந்த தமிழர்கள் வைத்ததில் வியப்பில்லை. கொடையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் கட்டணமற்றது வேறு, கட்டற்றது வேறு. கட்டற்றது என்றால் மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இருப்பதால், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தம் வாழ்நாளில் பாதியை அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே செலவிட்டார். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தும் அந்த வேறுபாட்டை நாம் அனுபவப்பட்டே கற்றோம்.

அந்த அனுபவத்தின் பெயர் குறியாக்கம், அதாவது எழுத்துக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் முறை. இந்திய மொழிகளுக்கென்று 'இஸ்கி' என்ற தரத்தை இந்தியத் தர நிறுவனம் 1991இல் வெளியிட்டிருந்தது. ஆனால் அது எழுத்தின் ஒலியைச் சேமித்ததே தவிர வடிவத்தை அல்ல. வடிவத்தைத் திரையில் கோத்துக்காட்டத் தனியாக ஒரு மென்பொருளோ வன்பொருளோ வேண்டியிருந்தது. சாதாரண விண்டோஸ் கணினியில் அது கிடையாது. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் குறுக்குவழியில் போனார்கள்: ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். எந்த இடத்தில் எதை வைப்பது என்பது அவரவர் விருப்பம். விளைவு, ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவரின் கணினியில் புள்ளியும் கோடுமாகச் சிதறியது. நாளிதழ்த் தளங்கள் பலவும் தத்தமது எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லின. எழுத்துருக்கள் இலவசம்தான், ஆனால் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் ஒரு சுவர் கூடியது. கொடை பெருகப் பெருக உரையாடல் சுருங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சுவர்களை உடைக்க நடந்த முயற்சியில்தான் கூட்டுழைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. 1997 முதல் பல நாடுகளில் இருந்தவர்கள் மின்மடல் வழியே மாதக்கணக்கில் வாதாடி 'திஸ்கி' என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். ஆங்கிலக் குறியாக்கமான ஆஸ்கியின் முதல் 128 இடங்களைத் தொடாமல் விட்டு, மேல் 128 இடங்களில் தமிழை அமர்த்தியது அது. ஒரே எழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு தரங்களைத் தேர்ந்தது. (தரம் வேண்டும் என்று கூடினால் இரண்டு தரத்தோடு பிரிவது நம் வழக்கம் போலும்.) அதே முயற்சியில் வந்த தமிழ்99 விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. திஸ்கியின் சிறப்பு அது சிறந்த குறியாக்கம் என்பதல்ல. அதன் அட்டவணை எல்லோர் கையிலும் இருந்தது என்பது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்கப் பாடல்களையும் திருமுறைகளையும் தட்டச்சிட்டுச் சேர்த்தது, முதலில் சில தனி எழுத்துருக்களிலும் பிறகு திஸ்கியிலும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) வந்தபோது அந்த உழைப்பு வீணாகவில்லை. மாற்றுவது நேரடி வேலையுமல்ல: திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று குறிகள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில்; ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டே, ஒலிக்கும் வரிசையில். அட்டவணை தெரிந்தால் இதற்கு ஒரு சிறு நிரல் போதும். தெரியாத எழுத்துருவில் அடித்தவற்றை ஒவ்வொரு எழுத்தாக ஊகித்தே மீட்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சிக்கலைத் தீர்த்தது ஒருங்குறி. அது பெருநிறுவனங்கள் சேர்ந்து கலிஃபோர்னியாவில் அமைத்த கூட்டமைப்பின் வேலை. தமிழை இயல்பாகக் காட்டிய முதல் விண்டோஸ் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, 'லதா' எழுத்துருவும் அதோடு வந்ததுதான். பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பாதி உண்மையும் கூட. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இஸ்கியின் வார்ப்பில் அமைந்ததால் எழுந்த மனக்குறை நெடுநாள் ஓயவில்லை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோதும் கூடவே தமிழுக்கென்றே அமைத்த 'டேஸ்16' குறியாக்கத்தையும் ஏற்றது. ஆனால் தரம் என்பது தாளில் உள்ள எண்வரிசை. அந்த எண்களைச் சேர்த்து 'கொ' என்று வரையும் நிரல் வேறு. அது நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தவரை, அந்தப் பெட்டியை வாங்கியவருக்கே தமிழ் கிடைத்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர் திண்டாடினார். இன்று ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் தமிழை வரைவது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரல். ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களும் இதே வழியில் பரவின. மலையாளத்தில் கட்டற்ற முறையின் பயன் இன்னும் தெளிவு. 2002இல் தொடங்கிய 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு, எழுத்துரு, சொல்திருத்தி, மொழிபெயர்ப்பு அனைத்தையும் மூலநிரலோடு வெளியிட்டது. அதன் 'மீரா' எழுத்துருவின் தொடர்ச்சியாகத் தமிழுக்கே 'மீரா இனிமை' கிடைத்தது. உரிமம் தடுத்திருந்தால் பக்கத்து மொழிக்கு அது நகர்ந்திருக்காது.

செய்தவருக்கு யார் சோறு போடுவது என்பது இன்னொரு மறுப்பு. இதைப் புதிய கேள்வியாக நினைக்க வேண்டியதில்லை; நூல்களின் உலகில் முன்பே எழுந்ததுதான். பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின் பொதுவாக்கியது. பிற்காலத்தில் வாரிசுகளுக்கு ஒருமுறை தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்குவது தமிழக அரசின் வழக்கமே ஆனது. பதிப்பகங்கள் அதனால் சாகவில்லை. பாரதி பதிப்புகள் பெருகின. கணிமைக்கு வந்த பயன் நேரானது: நாட்டுடைமையான நூல்கள் 2,000க்கும் மேல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகத் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. உரிமையாளரைத் தேடி ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தால் அந்த வேலையைத் தொடங்கியிருக்கவே முடியாது. மென்பொருளில் இத்தகைய ஏற்பாடு நமக்கு அமையவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 'தமிழா' குழுவின் இ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவி முதலில் கீமேன் என்ற தனியுரிமை இயங்குபொறியின்மேல்தான் ஓடியது. பிறகு கட்டற்ற நிரலாக மறுபடி எழுதப்பட்டது, அதுவும் ஓய்வு நேர உழைப்பில். இந்த வரலாற்றில் நெடுகக் காணப்படும் பலவீனம் இதுவே. ஆனால் ஆள் ஓய்ந்தாலும் மூலநிரல் கையில் இருந்தால் வேறொருவர் எடுத்துத் தொடரலாம். மூடிய நிரலில் அந்த வாய்ப்பே இல்லை. கடைசியில் கீமேனுக்கும் அதே வழிதான்: 2015இல் எஸ்ஐஎல் என்ற மொழியியல் அமைப்பு அதை வாங்கி, 2017இல் மூலநிரலைத் திறந்துவிட்டது.