73ஆம் நொடியும் மறுநாட் குறிப்பும்

ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒரே செய்தியைக் கேட்டு ஒரே நாளில் நிலைகுலைந்து நிற்கும் தருணங்கள் வரலாற்றில் சிலவே. அத்தகைய நாள் கடந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும், 'செய்தி வந்தபோது இன்ன இடத்தில் இருந்தேன். இன்னார் வந்து சொன்னார்' என்று மக்கள் ஐயமின்றிக் கூறுவர். அமெரிக்க மக்களுக்கு 1986ஆம் ஆண்டு ஜனவரி 28 அத்தகையதொரு நாள். சேலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் எழுவரோடு அழிந்த நாள் அது. அந்நாளின் நினைவு எத்துணை உறுதியானது என்பதும், எத்துணை உண்மையானது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவியது, ஓர் ஆசிரியர் மறுநாட் காலையில் தம் மாணவரிடம் எழுதி வாங்கிய தாள்களே ஆகும்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஃபுளோரிடா மாநிலத்துக் கென்னடி விண்வெளி மையத்தில் முந்தைய இரவு வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவியது. ஏவுமேடையில் பனிக்கட்டிகள் தொங்கின. காலை 11 மணி 38 நிமிடத்துக்கு ஓடம் மேலெழுந்தது. 73ஆம் நொடியில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில், அது வெண்புகைக்கிடையே சிதறியது. ஃபிரான்சிஸ் ஸ்கோபீ, மைக்கேல் ஸ்மித், ஜூடித் ரெஸ்னிக், எலிசன் ஒனிசூகா, ரொனால்டு மெக்நேர், கிரெகரி ஜார்விஸ், கிறிஸ்டா மெக்காலிஃப் ஆகிய எழுவரும் உயிரிழந்தனர்.

இவர்களுள் மெக்காலிஃப் விண்வெளித் தொழிலைச் சார்ந்தவர் அல்லர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்டு நகரப் பள்ளி ஆசிரியை. விண்ணப்பித்த 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றவர். விண்ணிலிருந்தே பாடம் நடத்துவதாக இருந்தார். ஆதலால் நாடெங்கும் பல பள்ளிகளில், நாசா நிறுவனம் செயற்கைக்கோள் வழியே அனுப்பிய காட்சியை மாணவர் கூடி அமர்ந்து கண்டனர். ஆனால் நாடு தழுவிய பெருந்தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்றும் அந்த ஏவுதலை நேரலையாக ஒளிபரப்பவில்லை, சி.என்.என். மட்டுமே ஒளிபரப்பியது. பெருந்தொகையான மக்கள் முதலில் செய்தியைக் கேட்டனர். பின்னரே, அன்று நாள் முழுதும் மீண்டும் மீண்டும் காட்டப்பெற்ற அப்புகைக்கோலத்தைக் கண்டனர். இவ்வேறுபாடு பின்னர் வருவதற்கு இன்றியமையாதது.

அன்றிரவு நிகழ்த்த வேண்டிய ஆண்டுப் பேருரையை ஒத்திவைத்த குடியரசுத் தலைவர் ரீகன், நாட்டு மக்களிடம் இரங்கலுரை ஆற்றினார். அவ்வுரையை எழுதித் தந்த பெக்கி நூனன், 1941ஆம் ஆண்டில் தம் 19ஆம் வயதில் விமான விபத்தில் மாண்ட ஜான் கில்லஸ்பி மெகீ என்னும் போர் விமானியின் கவிதையிலிருந்து சில சொற்களை எடுத்து அதனை முடித்திருந்தார். நாட்டுத் துயருக்குச் சொல் தேடியவர்கள், அந்நாளில் ஓர் இளங்கவியிடமே சென்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பெருஞ்செய்தி கேட்ட கணத்தின் நினைவைப் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. ஆபிரகாம் லிங்கன் கொலையுண்ட 1865ஆம் ஆண்டுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கோல்குரோவ் என்பார் 179 பேரிடம், செய்தி கேட்டபோது அவர்கள் எங்கிருந்தனர் என வினவினார். அவர்களுள் 127 பேர் விவரமாக விடையிறுத்தனர். அவ்வாய்வு 1899இல் வெளிவந்தது. 1977இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்னும் இருவர், கென்னடி கொலை முதலிய நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். புகைப்படக் கருவியின் 'பிளாஷ்' ஒளியில் அறை முழுதும் பதிவது போல, அதிர்ச்சிக் கணம் மூளையில் அப்படியே பதிகிறது என்பது அவர்தம் கருத்து. மார்ட்டின் லூதர் கிங் கொலையைப் பற்றி அத்தகைய நினைவு உடையோர் கறுப்பின மக்களுள் 40 பேருக்கு 30 பேர். வெள்ளையருள் மூன்றில் ஒரு பங்கினரே. யாருடைய இழப்போ அவருடைய நினைவு என்பது இதனால் புலனாயிற்று.

இக்கருத்தை ஐயுற்றவர் உல்ரிக் நைசர் என்னும் உளவியல் அறிஞர். ஐயம் பிறந்தது அவர்தம் நினைவிலிருந்தே. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது, தாம் வானொலியில் பேஸ்பால் ஆட்ட வருணனை கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். அமெரிக்காவில் டிசம்பரில் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது ஒரு நாள் திடீரென அவருக்குத் தோன்றியது. அன்று வானொலியில் வந்தது ஒரு கால்பந்து ஆட்டமாக இருக்கலாம் என்றும், ஆடிய அணிகளின் பெயர்கள் பேஸ்பால் அணிகளின் பெயர்களாகவும் இருந்தமையால் மயக்கம் நேர்ந்திருக்கலாம் என்றும் பிறர் பின்னர் எடுத்துக்காட்டினர்.

சேலஞ்சர் அழிந்தபோது நைசர் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் இருந்தார். மறுநாட் காலையிலேயே 106 மாணவரிடம், செய்தியை எங்கே, எவ்வாறு, யார் வாயிலாகக் கேட்டனர் என எழுதி வாங்கப்பெற்றது. இரண்டரை ஆண்டுக்கு மேல் கழிந்தபின், அவர்களுள் 44 பேரிடம் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் அதே வினாக்களை மீண்டும் விடுத்தனர். இரு விடைகளையும் ஒப்பிட்டு 7 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டனர். முழு மதிப்பெண் பெற்றவர் மூவர். பாதிப்பேர் 2 அல்லது அதற்கும் குறைவாகப் பெற்றனர். நால்வருள் ஒருவர் ஒன்றும் பெறவில்லை. அவர்தம் நினைவில் ஒரு கூறேனும் பழைய தாளோடு பொருந்தவில்லை. ஆயினும் தம் நினைவில் அவர்கள் வைத்திருந்த உறுதி, 5க்குச் சராசரி 4க்கும் மேல்.

சமய வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசக் கேட்டதாக மறுநாள் எழுதிய மாணவி ஒருத்தி, பின்னர் விடுதி அறையில் தோழியோடு தொலைக்காட்சியில் கண்டதாகக் கூறினாள். தொலைக்காட்சி வழியே முதலில் அறிந்ததாக மறுநாள் எழுதியோர் ஐந்தில் ஒரு பங்கினர். பின்னர் அவ்வாறு கூறியோர் பாதிக்குச் சற்றே குறைவு. நாள் முழுதும் ஓடிய காட்சி, காதால் கேட்ட கணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தாள்களை அவர்களிடமே காட்டியபோது தம் கையெழுத்தைக் கண்டு வியந்தனர். ஆனால் இழந்த நினைவு எவருக்கும் மீளவில்லை.

இதனைப் பொய் என்று தள்ளுதல் பொருந்தாது. அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. செய்தியைக் கேட்டவர், அதனைப் பலரிடம் சொல்லிச் சொல்லி, நாட்டின் கதைக்குள் தமக்கும் ஓர் இடம் அமைத்துக்கொள்கின்றனர். அவ்விடம் காலத்தால் செப்பம் பெறுகிறது. 1989இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பற்றியும் நைசர் குழுவினர் ஆராய்ந்தனர். அதனை நேரில் உற்றோர் நினைவு பெரிதும் பிழையின்றி நின்றது. தொலைவிலிருந்து செய்தியாகக் கேட்டோர் நினைவே தடுமாறியது.

சேலஞ்சரின் அழிவுக்குரிய காரணம் வெளிப்பட்டதிலும் எழுத்துக்குப் பங்குண்டு. வலப்புறத் திண்ம எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்வு இழந்தது; வெப்ப வாயு கசிந்தது. 1986 பிப்ரவரியில் ரிச்சர்டு ஃபெயின்மன் அவ்வளையத்தின் துண்டொன்றைப் பனிநீரில் இட்டு இதனை விசாரணையில் காட்டியது யாவரும் அறிந்தது. ஆனால் ராக்கெட்டு செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலி 1985 ஜூலையிலேயே, இக்குறையால் உயிரிழப்பு நேரக்கூடும் என மேலோருக்கு எழுதியிருந்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவும் பொறியாளர்கள் தடுத்துரைத்தனர். நிர்வாகத்தினர் அதனை ஏற்கவில்லை. நிகழ்ந்தபின் எவர் எங்ஙனம் நினைவுகூர்ந்தாலும், நாளிட்ட அம்மடல் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்திய மக்களுக்கும் இத்தகைய நாள் ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் தரையிறங்குவதற்குச் சற்று முன் டெக்சாஸ் வானில் சிதறியது. கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றிருந்த வானிலைச் செயற்கைக்கோளுக்கு, சில நாட்களுக்குள் கல்பனா-1 என்று பெயர் சூட்டப்பெற்றது. அந்நாளை நினைவுகூர்வோர் இங்கும் பலர். கொலம்பியா சிதறியபோது இந்தியாவில் இரவு ஏழரை மணி அளவு. அன்று காலையிலேயே செய்தி கேட்டதாக ஒருவர் உறுதிபடக் கூறின், அவர் நினைவில் மறுநாட் காலைச் செய்தித்தாள் கலந்திருத்தல் கூடும். டிசம்பரில் பேஸ்பால் கேட்ட நைசரின் நிலையும் இதுவே.

கவிஞர் இக்கதையிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. துயரின் உண்மையை நினைவு காக்கும். அதன் விவரத்தைக் காப்பது அந்நேரத்தில் எழுதிய எழுத்தே. இரங்கற்பா பல ஆண்டு கழித்தும் பிறக்கலாம். அதற்கு ஊறு இல்லை. ஆனால் யார் சொன்னார், எந்த அறை, எந்த நேரம் என்னும் நான்கு வரிகளை மறுநாட் காலையிலேயே எழுதி நாளிட்டு வைத்தல் வேண்டும். அவை பின்னாளில் பிறர்க்குச் சான்றாகும். சில வேளைகளில் எழுதியவரையே திருத்தவும் செய்யும்.