ரெப் பையில் இல்லாத கேள்வி

திருச்சி தில்லை நகரில் மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பை தூக்கிய காலத்தில் எங்கள் துருப்புச் சீட்டு ரீப்ரிண்ட்தான். வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரையை வழவழத் தாளில் தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்ற படத்தை டாக்டரிடம் காட்டிவிட்டு சாம்பிளை நீட்டுவோம். இதயத்துக்கு என்ன ஆகும் என்று அவர்களும் கேட்டதில்லை. எங்களுக்குப் பயிற்சியிலும் சொன்னதில்லை.

ஆனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 'டயாபடிஸ்' இதழ் 1970லேயே அதைக் கேட்டுவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய யு.ஜி.டி.பி. ஆய்வின் முடிவு அதில் வந்தது. டோல்புட்டமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதய, ரத்தநாளக் கோளாறால் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் இறந்தவர்கள் 10 பேர்தான். வெடித்தது சண்டை. நோயாளிகளைப் பிரித்த விதமே தப்பு என்றார்கள். நீரிழிவு மருத்துவர்கள் அணி சேர்ந்து கோர்ட்டுக்கே போனார்கள். மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை ஏற 1984 ஆகிவிட்டது. ஆய்வில் ஓட்டை இருந்ததை நானும் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக் கேள்வியையே மூடி மறைத்தது அநியாயம்.

மறுபடி அந்தக் கேள்வி தலைதூக்கியது 2007 மே மாதம். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஸ்டீவன் நிசனும் கேத்தி வோல்ஸ்கியும் 42 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுதல் என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தகவல்களில் பெரும்பகுதி அதைத் தயாரித்த கம்பெனியே இணையத்தில் போட்டிருந்தது. வேறொரு மருந்துக்காக நியூயார்க் மாநில அரசு போட்ட வழக்கில் சமரசமாகி, வெளியிட ஒப்புக்கொண்டதன் பலன்! 2010ல் இந்தியா அந்த மாத்திரையைத் தடை செய்தது. பிற்பாடு வேறு ஆய்வை மறுபரிசீலனை செய்து அமெரிக்கா 2013ல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது தனிக்கதை.

என் கணக்கில் பெரிய விஷயம் 2008ல் நடந்தது. புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குக் கேடில்லை என்று காட்டியாக வேண்டும் என்றது அமெரிக்க அரசு. கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே ஆய்வில் இறங்கின. கெடுதல் இல்லை என்று காட்டினால் போதும் என்று தொடங்கிய ஒன்றில், 2015ல், எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதிய மாத்திரை இதய மரணத்தை 38 சதவீதம் குறைத்திருந்தது. சேர்ந்திருந்த 7,020 பேரும் ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ளவர்கள். இன்று இதயம் பலவீனமானவர்களுக்கு, சர்க்கரையே இல்லாவிட்டாலும், அதே மாத்திரையை எழுதுகிறார்கள்.