ஆளில்லாத கடையின் ஆள்

2017 மார்ச் மாதக் கடைசியில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பழைய விற்பனை இயந்திரங்கள் இரண்டை வாங்கினோம். நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் இருபது ஆண்டுகள் கடை நடத்தியவர். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் தம்பி. கடையை விற்றுவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கத் தேவையில்லாத ஒரு வியாபாரம் வேண்டும் என்றார். கணினித் துறைக்காரனான நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது, அவர் சரக்கைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. குளிர்பானத்துக்கு ஒன்று, சிப்ஸ், சாக்லேட்டுக்கு ஒன்று. விற்றவர் எங்கள் கண் முன்னாலேயே ஒரு பவுண்டு காசைப் போட்டுக் காட்டினார். டப்பா விழுந்தது. திருப்தியோடு ஏற்றிவந்தோம்.

அவர் போட்டது பழைய வட்டக் காசு. அதே வாரம், மார்ச் 28 அன்று, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட புதிய ஒரு பவுண்டு நாணயம் புழக்கத்துக்கு வந்தது. அதை எங்கள் இயந்திரம் துப்பிவிட்டது. பழைய காசோ அக்டோபர் 15க்குப் பிறகு சட்டப்படி செல்லாது. காசு வாங்கும் உறுப்பு மிகப் பழையது. புதிய நாணயத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க வழி இல்லை. புதிதாக மாற்றுவதென்றால் இயந்திரத்தின் விலையில் பாதி ஆகும். “மெசின் நல்ல மெசின்தான் தம்பி, அதுக்குக் காசைத்தான் தெரியேல்லை” என்றார் அண்ணை.

அதற்குப் பிறகுதான் இந்த இயந்திரத்தின் கதையைத் தேடிப் படித்தேன். சிறுவயதில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றது நினைவுக்கு வந்தது. விளக்குகள் மினுங்கும், சக்கரம் சுழலும், ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சிட்ட அட்டை வந்து விழும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அப்பா சிரித்தார். அது அவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

காசு போட்டால் பொருள் தரும் கருவி பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற கிரேக்க அறிஞர் கோயிலில் புனித நீர் வழங்கும் பாத்திரம் ஒன்றை விவரித்திருக்கிறார். காசு ஒரு நெம்புகோலின் தட்டில் விழும், எடையால் தட்டு சாயும், மறுமுனை அடைப்பைத் தூக்கும், தண்ணீர் வரும். காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அது சரிபார்த்தது எடையை மட்டுமே. அதே எடையில் எந்த உலோகத் துண்டைப் போட்டாலும் தண்ணீர் வந்திருக்கும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் பித்தளைப் புகையிலைப் பெட்டிகள் இருந்தன. அரைப் பென்னி போட்டால் மூடி திறக்கும். ஒரு சுங்கானுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டும். அளந்து கொடுக்கப் பெட்டிக்குத் தெரியாது. கைநிறைய அள்ளினாலும் தடுக்காது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹானர் பாக்ஸ்’ என்று பெயர். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருக்கிறது. அந்தப் பெட்டி முதல் நாணயத்தைப் பெட்டிக்குள் வாங்கிக்கொண்டது; இரண்டாவதை வாடிக்கையாளரிடமே விட்டுவிட்டது.

அடுத்த கட்டம் லண்டன் ஃப்ளீட் தெருவில் நடந்தது. ரிச்சர்ட் கார்லைல் அங்கே புத்தகம் பதிப்பித்து விற்றவர். தாமஸ் பெய்னின் ‘பகுத்தறிவின் யுகம்’ போன்ற தடைக்குள்ளான நூல்களை வெளியிட்டதற்காக 1819இல் தெய்வ நிந்தனைக் குற்றத்தில் சிறைப்பட்டார். ஆறு ஆண்டுகள் டோர்செஸ்டர் சிறையில் கழித்தார். அவர் மனைவி ஜேனும் சகோதரி மேரி ஆனும் சிறை சென்றார்கள். கடையில் நின்று விற்ற ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். விற்றது யார் என்று சாட்சி சொல்ல ஆள் இருந்தால்தானே வழக்கு நிற்கும்? 1822இல் கடைக்குள் ஒரு கருவி வந்தது. முகப்பில் நூல்களின் பெயர்கள். முள்ளைத் திருப்பி வேண்டிய பெயரில் வைத்துக் காசு போட்டால் புத்தகம் வந்து விழும். விற்பவர் முகம் யாருக்கும் தெரியாது.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இயந்திரம் விற்றது என்ற வாதம் எடுபடாமல் ஊழியருக்குத் தண்டனை கிடைத்தது. கார்லைலின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. ஆனாலும் அந்த வழக்கின் மையக் கேள்வி என்னை விடவில்லை: ஆள் தெரியாவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா?

வியாபாரமாக இது வேரூன்றியது 1880களில். 1883இல் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் இயந்திரத்தை லண்டனில் அறிமுகப்படுத்தினார். மக்கள் வாங்கினார்கள், காசுத் துளைக்குள் காகிதத்தையும் ஆரஞ்சுத் தோலையும் திணிக்கவும் செய்தார்கள். அதைச் சமாளிக்க அவர் அடுத்த காப்புரிமைக்கே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் இயந்திரத்துக்குள்ளிருந்து நான் எடுத்தவை: சூயிங்கம், பேருந்துச் சீட்டு, உடைந்த சாவி. நூற்று முப்பது ஆண்டுகளில் மாறியது ஆரஞ்சுத் தோல் மட்டும்தான். 1887இல் இனிப்புகளைத் தானியங்கியில் விற்க ஒரு நிறுவனமே இங்கே தொடங்கப்பட்டது. ரயில் மேடைகளில் பென்னி சாக்லேட் பழக்கமானது.

இரண்டாம் உலகப் போரில் அதன் கையாலாகாத்தனம் வெளிப்பட்டது. 1942 ஜூலை முதல் 1953 பிப்ரவரி வரை இனிப்புகளுக்கு ரேஷன். காசு மட்டும் போதாது. ரேஷன் புத்தகத்தில் கணக்கும் கழிய வேண்டும். அதைச் செய்ய இயந்திரத்துக்குக் கை இல்லை. அதேபோல 2011 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் சிகரெட் இயந்திரங்கள் தடை செய்யப்பட்டன. சிறுவர்கள் அதில் வாங்கினார்கள். வாங்குபவரின் வயதைக் கேட்க அதற்கு வாய் இல்லை. புகையிலைப் பெட்டியில் இந்த நாட்டில் தொடங்கிய கதையின் ஒரு கிளை அன்றோடு முடிந்தது.

நாணயம் மாறும்போதெல்லாம் இந்தத் தொழில் அடி வாங்கியிருக்கிறது. 1971 பிப்ரவரி 15 அன்று பவுண்டு நூறு பென்ஸ் ஆனது. 1983இல் ஒரு பவுண்டு நாணயம் வந்தது. 1990களில் 5, 10, 50 பென்ஸ் காசுகள் சிறுத்தன. 2012இல் 5, 10 பென்ஸ் காசுகள் எஃகுக்கு மாறிச் சற்றே தடித்தன. இன்றைய காசு உறுப்பு எடை பார்ப்பதில்லை. மின்சுருள்களுக்கிடையே உருளும் காசின் உலோகத்தையும் அளவையும் நினைவிலுள்ள பதிவோடு ஒப்பிடுகிறது. பதிவில் இல்லாதது அதற்குக் கள்ளக் காசு. வட்டக் காசுகளில் முப்பதுக்கு ஒன்று கள்ளக் காசு என்று அரசு நாணயச் சாலை மதிப்பிட்டதால்தான் புதியது வந்தது. கள்ளக் காசைத் தடுக்க வந்த நல்ல காசைத்தான் எங்கள் இயந்திரம் துப்பியது.

பழைய இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வர்ணத்தைப் பார்க்காதீர்கள், காசு உறுப்பின் வயதைக் கேளுங்கள். அட்டை வாங்கும் கருவியைப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். அமுக்கியின் சத்தத்தை ஒரு மணி நேரமாவது நின்று கேளுங்கள். இடத்தைப் பேசி முடித்த பிறகே இயந்திரத்தை வாங்குங்கள். படிக்கட்டில் அதைத் தூக்க முடியாது. விற்பது உணவு என்பதால், தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும்.

நாங்கள் காசு உறுப்பை மாற்றினோம், பிறகு அட்டைக் கருவியும் வைத்தோம். முதல் வருடம் லாபம் இல்லை. கல்லாவிலிருந்து தப்ப நினைத்த அண்ணை, வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன்பே எழுந்து பெட்டிகளைச் சுமந்தார். காலாவதித் தேதி பார்த்தார், கண்ணாடி துடைத்தார். அலுவலகம் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடுவதால் அவரை யாரும் பார்த்ததில்லை. காலையில் வருபவர்களுக்கு இயந்திரம் தானாக நிரம்பியிருக்கும்.

இயந்திரத்தின் மேல் அவருடைய தொலைபேசி எண்ணைப் பெரிதாக ஒட்டியிருந்தார். சட்டத்துக்காக இவ்வளவு பெரிதாகத் தேவையில்லை என்றேன். ஒரு நாள் இரவு அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண் அழைத்தார். காசு சிக்கிக்கொண்டது, பொருள் வரவில்லை. ஒரு பவுண்டு. அடுத்த முறை நிரப்பப் போகும்போது கொடுத்துவிடலாமே என்றேன். “அந்தப் பிள்ளை யாரிட்டயோ தானே தம்பி காசைக் குடுத்தது, பெட்டியிட்ட இல்லையே” என்றபடி வாகனச் சாவியை எடுத்தார்.