கடிதத்தின் நெற்றியில் ஓர் உ

என் தாத்தா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை. ரங்கூன் வட்டிக்கடையிலிருந்து வந்த கடிதங்களை ஒரு தகரப்பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றின் உச்சியிலும் பிள்ளையார் சுழியாக ஓர் ‘உ’. அதன்கீழே ‘சிவமயம்’, பிறகு தமிழ் வருடம், மாதம், தேதி.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனால் கடிதங்களில் மரியாதையைச் சொல்தான் சுமந்தது. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதை ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்று சுருக்கிப் பெயருக்கு முன்னால் வைத்தார்கள். கணக்கு எழுத்துக்கென்றே தனிக் குறிகள் இருந்தன: மாதத்துக்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. எவ்வளவு அழகான சிக்கனம்!

நல்ல சேதியென்றால் தாளின் மூலைகளில் மஞ்சள் இருக்கும். சாவுச் சேதியென்றால் கறுப்பு மை. பிரிக்கும் முன்பே கை நடுங்கிவிடும். அந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுவார்கள். தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்றுகூட இல்லை.