கண் வைத்தியத்துக்கு வந்த கம்பியில்லா வலை



மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்றால் இன்று எல்லோருக்கும் கூகுள் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பத்து வருஷம் முன்பே தேனியில் நடந்த ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசை.

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளை, சுற்று ஊர்களில் சிறு கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிப்பார். தேனி டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் நோயாளியிடம் பேசுவார். சரி, லைனுக்கு எங்கே போவது? பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரும் அவருடைய மாணவர்களும் கையில் எடுத்தது சாதாரண வைஃபை! 2006-ல் ஐந்து மையங்கள் இணைந்தன.

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறியவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் வரும் சிக்னல் அடுத்த வளைவில் போயிடும். மலை மறைக்காமல் இரண்டு ஆண்டெனாவும் நேருக்கு நேர் பார்த்தால் அலை பல கிலோமீட்டர் போகும். தொல்லை வேறு இடத்தில். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்கு வைஃபை காத்திருக்கும். 15 கி.மீ. போய்வர 100 மைக்ரோ செகண்டு ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். இரு முனையும் முறை வைத்துப் பேசவும், பதிலை மொத்தமாக அனுப்பவும் புரூவர் குழு மாற்றி எழுதியது. இந்த 'வைல்ட்நெட்' 2007-ல் கட்டுரையாக வந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2008-ல் வந்த அடுத்த கட்டுரை. வலை ஏன் அடிக்கடி படுத்தது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். முதல் எதிரி கரண்டு! வோல்டேஜ் எகிறியதில் கருவிகள் எரிந்தன, திடீரென்று நின்றதில் மெமரி கார்டுகள் கெட்டன. வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் சர்க்யூட்டைச் செய்து மாட்டினார்கள். நம்ம எலெக்ட்ரிக்கல் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

கூகுள் கதை 2016-ல் வருகிறது. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைப் படத்திலேயே கண்டுபிடிக்க 1,28,175 படங்களால் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்த டாக்டர்கள் 54 பேர். படங்களில் ஒரு பகுதி அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் கொடுத்தவை.

அதே மென்பொருள் பிறகு தாய்லாந்துக் கிராம கிளினிக்குகளுக்குப் போனது. அங்கே எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. ஒரு முகாமில் இன்டர்நெட் இரண்டு மணி நேரம் நின்றுபோக, 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.