உலைக்களத்தில் ஒலிவாங்கி

திரைப்படம் பேசத் தொடங்கிய புதிதில் ஒலிப்பதிவு பெரும்பாலும் அடைத்த படக்கூடங்களுக்குள்ளேயே நடந்தது. சம்மட்டி விழும் பட்டறையில் ஒலியைப் பதிய இயலுமா? இயலாது என்றே சோவியத் விமரிசகர் இப்போலித் சொகொலோவ் வாதிட்டார். கூடத்துக்கு வெளியே எழும் ஒலிகள் பதிவில் வெறும் இரைச்சலாகவே எஞ்சும் என்பது அவர் கருத்து.

அக்கருத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கற்சுவரும் தகரக் கூரையும் கொண்ட பட்டறையில் ஒவ்வோர் அடியும் பலமுறை எதிரொலிக்கிறது. நம் செவி வேண்டியதைத் தேர்ந்து கேட்கும். ஒலிவாங்கிக்கு அத்திறன் இல்லை. அது விலகி நின்றால் அடி மங்கி, எதிரொலியே மிஞ்சும்.

ஜிகா வெர்டோவ் இதற்குச் செயலால் விடையளித்தார். அலெக்சாண்டர் ஷோரின் வடிவமைத்த, ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள கருவியுடன் 1930இல் உக்ரைனின் டொன்பாஸ் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் சென்றார். அவ்வாறு உருவான 'உற்சாகம்' படத்தை இரைச்சல் என்று பழித்தோர் உண்டு. பேசும்படத்துக்கு இணங்காதிருந்த சாப்ளினோ, 1931இல் லண்டனில் அதைக் கண்டு, இயந்திர ஒலிகளை இத்தனை அழகாக அமைக்க முடியுமா என வியந்தார். பின்னாளில் ஒலியும் காட்சியும் பொருந்தாமல் உலவிய அப்படத்தை 1972இல் பீட்டர் குபெல்கா ஒத்திசைத்து மீட்டார்.

பிரிட்டனின் ஜி.பி.ஓ. படப்பிரிவு வேறு வழியை நாடியது. 'நைட் மெயில்' (1936) படத்திற்காக, கடிதம் பிரிக்கும் ரயில்பெட்டியின் உட்புறத்தைப் படக்கூடத்தில் அமைத்தனர். இசையமைத்த பெஞ்சமின் பிரிட்டன் ரயிலின் ஓசைக்கு உப்புத்தாளையும் பயன்படுத்தினார். கலைநயம் மிக்க தீர்வுதான். ஆயினும் அது அவ்விடத்தின் ஒலியன்று.

1950களின் இறுதியில் வந்த நாக்ரா 3 என்னும் நாடாப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டே நடக்கலாம். இன்றைய ஒலிவாங்கியோ சட்டையில் செருகுமளவு சிறியது. கருவி சுருங்கியும் விதி மாறவில்லை. ஒலிவாங்கி வேலைக்கு அருகில் செல்ல வேண்டும். தொழிலாளியின் பேச்சை இயந்திரம் ஓய்ந்த நேரத்தில் பதிய வேண்டும். ஆளில்லாப் பட்டறையின் ஓசையையும் தனியே எடுத்துவைத்தால், படத்தொகுப்பில் ஒட்டுகள் தெரியாது.

பட்டறைக் காட்சியின்மேல் பின்னணி இசையைப் பரப்பிக் குறையை மறைப்பது எளிது. அப்போது உழைப்பு வெறும் அசைவாகிவிடுகிறது. அடிக்கும் அடிக்கும் இடையே அம்மனிதர் இழுக்கும் மூச்சு கேட்கும்போதே, சம்மட்டியின் எடையை நாம் உணர்கிறோம்.